அக்காவின் இடது பக்கம்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். விடியற்காலையில் இன்னும் சீக்கிரம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் செய்த காரியத்தைக் கேட்டுவிட்டு, என்ன ஒரு நல்ல மனசு என்று யாரும் உருகிவிடக் கூடாது.

எங்கள் தொழிற்சாலை சுங்கைப் பட்டாணிக்கு வெளியே இருக்கிறது. கதவுக்கும் அலமாரிக்கும் போடுகிற கீல்களைச் செய்கிறோம். தகட்டை அடித்து வெட்டுகிற பிரஸ் பிரிவில் எனக்கு வேலை. கரங்கான் பக்கத்துத் தோட்டத்தில் குடியிருப்பதால் காலை ஐந்தே காலுக்கே கம்பெனி பஸ் வந்து என்னை ஏற்றிக்கொள்ளும். நேராகப் போனால் ஒரு மணி நேரம். எங்கள் பஸ் நேராகப் போய் நான் பார்த்ததில்லை. செம்பனைக் காட்டுக்குள் நுழைந்து இரண்டு பேரை எடுக்கும். வெளியே வந்து ஒரு தாமான் குடியிருப்புக்குள் புகுந்து நான்கு பேரை எடுக்கும். கடைசியாகத் திகாம் பத்துவில் டிரைவர் அண்ணன் இறங்கிப்போய் ஒரு கோப்பி கட்டிக்கொண்டு வருவார். ஆக, ஒன்றே முக்கால் மணி நேரம். நான்கு மணிக்கு எழுந்து வீட்டில் சமைத்து வைத்துவிட்டு வருகிற எனக்கு அந்த ஒன்றே முக்கால் மணி நேரத் தூக்கம்தான் உயிர்.

அந்த உயிரை இரண்டு வருடமாக ஒருவர் எடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்து சீட் அக்கா.

அக்காவுக்கு ஐம்பத்தாறு வயது. பிரஸ்ஸிலும் எனக்கு அடுத்த மெஷின்தான். பஸ்ஸில் வலது பக்க ஜன்னலோரம் உட்கார்ந்து, வாந்தி வராமலிருக்கப் புளிப்பு ஆசாம் பழம் ஒன்றை வாயில் ஒதுக்கிக்கொண்டு, இரண்டு காதிலும் இயர்போனைச் சொருகுவார். பசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கிய, வெள்ளையாக இருந்து பழுப்பாகிப்போன வயர். அவர் சொருகிய அடுத்த நொடி என் வலது காதில் கச்சேரி தொடங்கிவிடும்.

முழுக் கச்சேரியாக இருந்தாலாவது பரவாயில்லை. எனக்கு வந்தது பாதிதான். பழைய பாட்டுகளில் குரலை ஒரு பக்கமும் வாத்தியத்தை மறு பக்கமும் பிரித்து வைத்திருப்பார்களாம். அக்காவின் இடது பக்கம் இருந்த எனக்கு வந்ததெல்லாம் தபேலாவும் வயலினும்தான். பாடுகிறவர் யார், ஆணா பெண்ணா, காதலா சோகமா, ஒன்றும் தெரியாது. டிச்சிக் டிச்சிக் என்று போகும். திடீரென்று வயலின் ஒரு பாய்ச்சல் பாயும். பிறகு மறுபடியும் டிச்சிக். ஒரு கல்யாண வீட்டில் பழைய பாட்டு ஒன்று ஓடியது. என் கணவர் ரசித்துத் தலையாட்டினார். அது எனக்குத் தெரியாத பாட்டு. நடுவில் தபேலா தனியாக வந்ததும்தான் இதை முந்நூறு தடவை கேட்டிருக்கிறோமே என்று திடுக்கிட்டேன்.

இடம் மாறி உட்கார வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். எங்கள் பஸ்ஸைப் பற்றித் தெரியாதவர்கள் அப்படித்தான் கேட்பார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் எந்த சீட்டில் உட்கார்ந்தீர்களோ, வேலையை விடும் வரை அதுதான் உங்கள் சீட். ஒரு மாதம் டாக்டரிடம் எம்சி எடுத்து வராவிட்டாலும் அந்த இடம் காலியாகவே போகும். புதிதாக வந்தவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி வருவார், அதில் உட்கார மாட்டார். இடம் மாறினால் பக்கத்தில் இருப்பவரோடு சண்டை என்று பொருள். பஸ் போய்ச் சேர்வதற்குள் சண்டைக்குக் காரணத்தையும் பின் சீட்டில் கண்டுபிடித்துவிடுவார்கள். ஒரு முறை, அண்ணியும் நாத்தனாருமாகப் பக்கத்தில் உட்கார்கிற இருவரில் ஒருத்தி, வெயில் அடிக்கிறது என்று ஒரே ஒரு நாள் எதிர்ப் பக்கம் உட்கார்ந்தாள். அந்த வருடம் தோட்டத்துக் கோயில் திருவிழாவில் இரண்டு குடும்பமும் எதிரெதிரே தனித்தனித் தண்ணீர்ப்பந்தல் போட்டன.

அதனால் உட்கார்ந்த இடத்திலேயே சமாளிக்கப் பார்த்தேன். பிரஸ் சத்தத்துக்காகக் கம்பெனியில் ஆரஞ்சு நிற இயர் பிளக் கொடுப்பார்கள். அதைப் பஸ்ஸிலேயே சொருகிக்கொண்டேன். பஸ்ஸின் உறுமல், ஆட்களின் பேச்சு, டிரைவர் அண்ணனின் இருமல் எல்லாம் அடங்கின. டிச்சிக் மட்டும் சுத்தமாக வடிகட்டி வந்தது. இரும்புத் தகட்டை அடிக்கிற சத்தத்தைத் தடுக்கிற சாமான், ஒரு தபேலாவிடம் தோற்றுப்போனது.

"நீயும் ஒண்ணு வாங்கிப் போட்டுக்கோ லா," என்றார் என் கணவர். வாங்கினேன். அக்காவின் தபேலாவை அமுக்குகிற அளவுக்குச் சத்தம் வைத்தேன். மூன்றாம் நாள் முன் சீட்டுப் பெண் என்னைத் திரும்பிப் பார்த்து, "அக்கா, உங்க பாட்டு தாங்கல. தலைவலி வந்துருச்சு," என்றாள். எனக்கு வந்த கோபத்தில் அந்த இயர்போனை ஜன்னல் வழியாக வீசியிருப்பேன். ஆனால் ஜன்னல் அக்காவுடையது. அடுத்த வாரம் முன் சீட்டுப் பெண்ணும் ஒன்று வாங்கினாள். அவளுக்கு முன்னால் இருந்தவரும் வாங்கினார். ஒரு மாதத்தில் பஸ் முழுக்க வயர். டிரைவர் அண்ணன் கண்ணாடியில் எங்களைப் பார்த்து, "நான் மட்டும் என்னா பாவம் செஞ்சேன்?" என்று ரேடியோவை முழுசாகத் திறந்துவிட்டார். அதை அமுக்க எல்லோரும் இன்னும் கூட்டினார்கள். சாலையோரம் ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள் மோட்டார் சைக்கிளை நிறுத்தி எங்கள் பஸ்ஸை வேடிக்கை பார்த்தார்கள்.

கடைசியில் நேரடியாகச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். ஆனால் வயதில் மூத்தவரிடம் முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது? பாட்டு மாறுகிற இடைவெளியில், கொஞ்சம் சுற்றி வளைத்து, "அக்கா, உங்க பாட்டு எனக்கும் நல்லா கேக்குது," என்றேன். குத்தலாகத்தான் சொன்னேன். அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது.

"ஒனக்கும் புடிக்குமா? மொதல்லயே சொல்லக் கூடாதா தங்கச்சி!" என்று தன் இடது காதிலிருந்து இயர்போனைக் கழற்றி, என் வலது காதில் தானே சொருகிவிட்டார்.

அடி விழுந்த மாதிரி இருந்தது. இவ்வளவு சத்தத்தை ஒரு மனுஷி எப்படிக் காதுக்குள் வைத்திருக்கிறார் என்று புரியவில்லை. மலர்ந்த அந்த முகத்துக்கு முன்னால் கழற்றவும் முடியவில்லை. மறுநாள் நான் உட்கார்ந்ததும் தயாராக நீட்டினார். அதற்கு அடுத்த நாளும். சத்தம் வேண்டாம் என்று சொல்லப் போனவள், அதைக் காதுக்குள்ளேயே வாங்கி வைத்துக்கொண்டு, ஒரே வயரில் அக்காவோடு கட்டப்பட்டு, எட்டு நாள் பயணம் செய்தேன். இறங்கும்போது வயர் மாட்டி இரண்டு பேரும் படியில் ஒருவர் மேல் ஒருவர் விழப்போனோம். பின் சீட்டில், அக்காவும் நானும் அப்படி ஒற்றுமை என்று பேசிக்கொண்டார்கள்.

ஒன்பதாம் நாள் ஒரு வளைவில் அக்காவின் மடியிலிருந்து சாப்பாட்டுப் பாத்திரம் சரிந்தது. "அக்கா, மங்கு விழுது!" என்றேன். அவருடைய இடது காதில்தான் எதுவும் இல்லையே, அதுதான் என் காதில் இருந்ததே. அக்கா அசையவில்லை. இன்னும் பக்கத்தில் போய்க் கத்தினேன். டிரைவர் அண்ணன் பிரேக் போட்டுவிட்டார். அக்கா மட்டும் ஜன்னலைப் பார்த்து ஆசாம் பழத்தைச் சப்பிக்கொண்டிருந்தார். பாத்திரம் விழுந்து, நெத்திலி சம்பல் பஸ்ஸின் நடுவே ஓடியது. தோளைத் தொட்டதும் துள்ளித் திரும்பினார்.

"அக்கா," என்றேன், அவர் கண்ணைப் பார்த்து. "இந்தக் காது ஒங்களுக்குக் கேக்காதா?"

அக்கா என்னை இழுத்து, என் காதோரம் வாயை வைத்து ரகசியம் சொன்னார். தன் குரல் எவ்வளவு உயர்கிறது என்று அவருக்குத் தெரியாது. "எடது காது செத்துப் போய் மூணு வருஷமாச்சு! யாருகிட்டயும் சொல்லிராத!" என்ற ரகசியம் டிரைவர் அண்ணன் வரை தெளிவாகக் கேட்டது. பஸ்ஸில் முப்பத்தெட்டு பேர். அத்தனை பேரும் உடனே ஒன்றும் கேட்காதவர்கள் போல வெளியே பார்த்தார்கள்.

மீதியையும் அதே ரகசியக் குரலில் சொன்னார். ஒரு காதில் மட்டும் இயர்போன் போட்டால் சந்தேகம் வருமே என்று இரண்டிலும் போடுவாராம். அதாவது, இடது பக்க இயர்போன் வெறும் வேஷம். அக்காவுக்கு அது பாடுவதே தெரியாது. அதன் ஒரே ரசிகை நான்தான்.

அவர் ஏன் மறைத்தார் என்பதும் எங்களுக்குப் புரிந்தது. பிரஸ்ஸில் வருடத்துக்கு ஒரு முறை காது பரிசோதனை லாரி வரும். காது போனால் வேலையும் போச்சு என்று எங்களுக்குள் ஒரு பேச்சு உண்டு. முன்பு ஒரு அண்ணனுக்குப் பரிசோதனைக்குப் பிறகு கடிதம் வந்தது. அதற்கப்புறம் அவரை யாரும் பார்க்கவில்லை. அக்கா இரண்டு வருடமாக அந்த நாள் பார்த்து எம்சி போட்டுத் தப்பித்தவர். இந்த முறை லாரி ஒரு வாரம் நிற்கப்போகிறது என்று அறிவிப்பு ஒட்டிவிட்டார்கள்.

"வேலைக்குப் போற வரைக்கும்தான் மருமவ வீட்டுல எனக்கு ஒரு நாற்காலி," என்றார் அக்கா. "வேலையில்லாம ஒக்கார வச்சிட்டாங்கன்னா நான் என்னா செய்வேன்?" அழுகிற குரலும் அதே சத்தத்தில் வந்தது. முன் சீட்டுப் பெண் தன் இயர்போனைக் கழற்றிவிட்டு மூக்கைச் சிந்தினாள்.

அதன் பிறகு ஒரு வாரம் பஸ்ஸில் பாட்டு இல்லை, திட்டம்தான். பரிசோதனை எப்படி என்றால், ஒரு பெட்டிக்குள் உட்காரவைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, கீ என்று சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொல்வார்கள். நூறு எண்ணிக்கொண்டே இடையிடையே அழுத்துங்கள் என்றார் ஒருவர். அழுத்திக்கொண்டே இருங்கள், மெஷின் குழம்பிவிடும் என்றார் இன்னொருவர். டிரைவர் அண்ணன் ஹாரனைப் பட்டனாக்கி ஒத்திகை வேறு நடத்தினார். தாமானில் ஒரு வீட்டுக்காரர் கைலியோடு வெளியே வந்து திட்டினார்.

இந்தச் சத்தத்தில் அந்த வாரமும் எனக்குத் தூக்கமில்லை. எரிச்சலில் வாய் தானாகவே பேசியது. "எல்லாரும் சும்மா இருங்க. அக்காவுக்கு பதிலா நான் போறேன். என் கம்பெனி பாஸ அவங்க மாட்டிக்கட்டும், அவங்க பாஸ நான் மாட்டிக்கிறேன். தொப்பியும் மாஸ்க்கும் போட்டா யாருக்குத் தெரியப்போவுது? ஆனா ஒண்ணு, அக்கா. அதுக்கப்புறம் இந்த பஸ்ஸுல நீங்க பாட்டு போடக் கூடாது. ஒரு நாள் கூட."

அக்கா என் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தார். என் காதை அவருக்குக் கொடுத்து என் தூக்கத்தை நான் வாங்கினேன். இதில் நல்ல மனசு எங்கே இருக்கிறது என்று நீங்களே சொல்லுங்கள்.

எல்லாம் சுலபமாக முடிந்தது. அக்காவின் எண்ணைக் கூப்பிட்டதும் நான் போனேன். கீ, கூ, ஈ என்று கொசு மூச்சு விடுகிற மாதிரி வந்த சத்தத்தைக்கூட விடாமல் அழுத்தினேன். பள்ளிக்கூடத்தில் எடுக்காத மார்க்கை அன்று எடுத்தேன். பிறகு என் எண்ணைக் கூப்பிட்டார்கள். அக்கா போய் உட்கார்ந்தார். வலது காதுக்குச் சில முறை அழுத்தினார். இடது காதுக்குச் சோதனை தொடங்கவில்லை என்று நினைத்துக் காத்துக்கொண்டேயிருந்தாராம். முடிந்தது என்று கதவைத் திறந்து சொன்னபோது, "சூடா?" என்று, அதாவது அதற்குள் முடிந்துவிட்டதா என்று, மலாயில் ஆச்சரியப்பட்டிருக்கிறார்.

அதற்கப்புறம் பஸ்ஸில் நிசப்தம். அக்கா இயர்போனைக் கொண்டுவரவே இல்லை. மற்றவர்களும் வெட்கப்பட்டு நிறுத்திவிட்டார்கள். சத்தம் போனதும் அதற்காக ஏங்கினேன் என்று பொய் சொல்ல மாட்டேன். ஐந்து வாரம் வாயைத் திறந்துகொண்டு தூங்கினேன். திகாம் பத்துக் கோப்பி வாசம்கூட என்னை எழுப்பவில்லை.

ஆறாம் வாரம் கடிதங்கள் வந்தன. ஐம்பத்தாறு வயதில், அதுவும் பிரஸ்ஸில், இப்படி ஒரு காதா என்று அக்காவின் படத்தை அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இயர் பிளக் எப்படிச் சொருகுவது என்று அக்கா செய்து காட்ட வேண்டுமாம். கேள்வி கேட்பவர்களுக்கு அவர் சிரித்தபடியே தலையாட்டினார். அடக்கமான ஆள் என்று பெயர் வேறு.

என்னைப் பாதுகாப்பு அதிகாரி தன் அறைக்குக் கூப்பிட்டார். சின்ன வயது மலாய்ப் பெண், தங்கமான குணம். நான் உட்கார்ந்ததும் மேசையைத் தாண்டிக் குனிந்து, "காக்! டெங்கார் தாக்?" என்று, அதாவது காது கேட்கிறதா என்று, என் முகத்தில் கத்தினார். கேட்கிறது என்றேன். தன் வாயசைவை நான் படிக்கிறேன் என்று நினைத்து, பரிதாபமாக என் கையைத் தட்டிக்கொடுத்தார். பிறகு ஒரு வரைபடத்தைக் காட்டி, ஒவ்வொரு வார்த்தையாகக் கத்திச் சொன்னார். இடது காது போய்விட்டது. வலது காதும் பாதி இறங்கிவிட்டது. பிரஸ்ஸில் இன்னும் ஒரு வருடம் இருந்தால் மிச்சமும் போகும். அதனால் அடுத்த மாதத்திலிருந்து பின் கட்டடத்தில், கீல்களைச் சரிபார்க்கிற அமைதியான அறையில் வேலை. சம்பளம் அப்படியே. கேட்கும் கருவிக்கும் ஏற்பாடு செய்வார்களாம்.

"வேலையை விட்டு நிறுத்த மாட்டீர்களா?" என்று கேட்டேன்.

அவர் சிரித்துவிட்டார். யாரையும் நிறுத்தியதில்லையாம். அந்த அண்ணன்? அவரும் பின் கட்டடத்தில்தான் இருக்கிறாராம். மோட்டார் சைக்கிளில் வந்து போகிறாராம்.

நான் அந்த வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே என் எண். கீழே அக்காவின் காது. கோடு மாடிப்படி மாதிரி இறங்கிக்கொண்டே போனது. அமைதியான அறைக்கு நான் போகிறேன். அக்கா பிரஸ் பக்கத்திலேயே, படம் ஒட்டப்பட்டு, மிச்சக் காதையும் இழக்கப்போகிறார். இதைச் செய்தது யார்? என் தூக்கம்.

மறுநாள் பஸ்ஸில், கை நீட்டி அவர் முகத்தை என் பக்கம் திருப்பி, எல்லாவற்றையும் உரக்கச் சொன்னேன். பஸ்ஸே கேட்டது, கேட்கட்டும். "அக்கா, ஒங்க வலது காதும் போவுது."

"தெரியும்," என்றார் அக்கா.

"என்னா தெரியும்?"

"போன வருஷத்துலேந்து தெரியும். கொக்கு மாதிரி கழுத்த நீட்டித்தானே கேக்குறேன். அதான் பஸ்ஸுல வச்சிக் கேட்டுக்கிட்டு இருந்தேன். வூட்டுல டிவி சத்தம், பேக்டரில மெஷின் சத்தம். இங்கதான் நேரம் கெடைக்கும். இருக்கிற வரைக்கும் கேட்டு வச்சிக்கலாம்னு."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. இரண்டு வருடம் நான் மனசுக்குள் திட்டித் தீர்த்தது இதைத்தான். கடைசியில் சத்தியம் வாங்கிப் பிடுங்கிக்கொண்டதும் இதைத்தான். அதுவும் ஆறு வாரம்.

"பாட்டு போடுங்க அக்கா. இப்பவே போடுங்க."

"முடியாது. ஒன் தலைல அடிச்சி சத்தியம் பண்ணிருக்கேன்."

"நானே சொல்றேன், போடுங்க!"

"நீ காது குடுத்திருக்க. நான் வாக்கு குடுத்திருக்கேன். பேச்சுன்னா பேச்சுதான்."

பின் சீட்டிலிருந்து கெஞ்சினார்கள். முன் சீட்டுப் பெண் தன் இயர்போனையே நீட்டினாள். டிரைவர் அண்ணன் சிக்னலில் திரும்பி, "போடுங்க லா, அக்கா," என்றார். அக்கா வாயை இறுக்கிக்கொண்டு செம்பனைகளைப் பார்த்தார். இந்தப் பிடிவாதத்துக்கு ஒரே ஒரு வழிதான் இருந்தது.

"அப்ப என் காத எனக்குத் திருப்பிக் குடுங்க," என்றேன்.

அன்றைக்கே அக்காவை இழுத்துக்கொண்டு அதிகாரியின் அறைக்குப் போனேன். வேலை போகாது என்று எத்தனை தடவை சொல்லியும், அக்கா வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நகர மறுத்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அதிகாரி முதலில் என்னிடம் கத்திப் பேசினார், பாதியில் எனக்குக் காது கேட்கும் என்று புரிந்து குரலைத் தணித்தார், முழுதும் புரிந்த பிறகு மறுபடியும் கத்தினார். இரண்டு பேருக்கும் எச்சரிக்கைக் கடிதம். இரண்டு பேருக்கும் மறு பரிசோதனை, டவுனில் ஒரு காது கிளினிக்கில், அவருடைய கண்ணுக்கு முன்னால்.

என்னுடையது சீக்கிரம் முடிந்தது. பிறகு அக்கா பெட்டிக்குள் போனார். சின்னக் கண்ணாடி ஜன்னல் வழியாக அவர் முகம் தெரிந்தது. வெளியே மெஷினில், சத்தம் போகும்போதெல்லாம் ஒரு சிறிய விளக்கு எரிந்தது. நான் அதன் பக்கத்தில்தான் நின்றேன். வலது காது முடிந்து இடது காது தொடங்கியது. விளக்கு எரிந்தது, அணைந்தது, எரிந்தது. அக்காவின் கட்டைவிரல் பட்டனின் மேல் நின்றது. அவர் கண் என்னைத் தேடியது. நான் ஒரு தலையசைப்பு அசைத்தால் போதும், அழுத்திவிடுவார்.

நான் திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டேன்.